கபிரியேல் வெட்டிய மழை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கபிரியேலிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. தேவாலயத்தில் பூசை இரண்டு நிமிடம் பிந்தித் தொடங்கினால் அங்கே ஊழியம் பார்க்கும் கோயில் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். ரொட்டிக்காரர் மணியை வழக்கத்தைவிட ஒருமுறை கூடுதலாக அடித்தால் அதற்கும் ஒரு வழக்கு உண்டு. ஆள் கெட்டவர் இல்லை. தான் சொன்னதே சரி என்கிற ஒரு வியாதி, அவ்வளவுதான். அந்த வியாதி பார்க்கிற வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவர் மனைவி மகதலேனா சொல்வாள்.

வேலை செந்தூல் ரயில் பட்டறையில். பேட்டர்ன் மேக்கர் என்று பெயர். ரயில் வண்டிக்கு வேண்டிய இரும்புச் சாமானை வார்ப்பதற்கு முன்னால் அதே சாமானை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அந்த மரத்தை மணலில் அழுத்தி எடுத்தால் குழி கிடைக்கும், குழியில் இரும்பை ஊற்றுவார்கள். உருகிய இரும்பு ஆறும்போது நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் சுருங்கிவிடும். அதனால் மரத்தை அந்த அளவுக்குக் கூட்டித்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக் கூட்ட முடியுமா? அதற்கென்றே ஷ்ரிங்க் ரூல் என்று ஓர் எஃகு அளவுகோல் உண்டு. பார்ப்பதற்குச் சாதாரண அளவுகோல் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் கோடுகள் எல்லாம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருக்கும். கபிரியேல் பத்தொன்பது வயதில் வாங்கிய அந்தக் கோலை வேறு யாரும் தொட விடமாட்டார். மகதலேனா ஒருநாள் அதை எடுத்து ஜன்னல் திரைக்கு அளவெடுத்துவிட்டாள் என்று அன்று மதியம் அவர் சோறு சாப்பிடவில்லை.

1972ஆம் ஆண்டு ரயில் எஞ்சின் விற்க வந்த ஜப்பான்காரர்கள் பட்டறைக்கு ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். வருடம் முடிந்ததும் அதிலிருந்து ஒரு தாளைக் கபிரியேல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். பழைய காலத்து ஜப்பானியர்கள் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த படம் அது. ஒரு மரப்பாலம். திடீரென்று பிடித்துக்கொண்ட மழை, மேலிருந்து கீழ்வரை சன்னக் கோடுகளாகச் சாய்ந்து விழுகிறது. பாலத்தில் ஆறு பேர் குடையையும் பாயையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடுகிறார்கள். கீழே ஆற்றில் ஒருவன் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் தெப்பம் தள்ளிக்கொண்டு போகிறான்.

கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளம் வந்து போய் அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அதை மறைக்கிற மாதிரிதான் படத்தைத் தாழ்வாக மாட்டினார்கள். அதனால் அது ஏழு வயது லூசியின் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பால் டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பாலத்து மனிதர்களுக்குப் பெயர் வைப்பாள். பாயைப் போர்த்தியவர் ரொட்டிக்காரர். முதல் குடை மேல்வீட்டு புனிதவதி டீச்சர். கடைசியில் வருகிறவர் ஸ்டேஷன் மாஸ்டர், அவருக்கு எப்போதும் தாமதம்தான். தெப்பக்காரன் யார் என்று கபிரியேல் ஒருநாள் கேட்டார். அது அப்பாதான், எல்லாரும் ஓடுகிறார்கள், அப்பா மட்டும் வேலை செய்கிறார் என்றாள். அதைக் கபிரியேல் பட்டறையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்த வருடங்கள் நல்ல வருடங்கள். விடியற்காலையில் செந்தூலுக்குப் போகும் தொழிலாளர் ரயில் ஊதும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாப்பாட்டுக் கேரியரோடு ஆட்கள் இறங்குவார்கள். சாயங்காலம் கபிரியேல் சட்டையில் மரத்தூளோடு திரும்பி வருவார். லூசி அதைத் தட்டிவிடுவாள். இன்றைக்கு அந்த வீடுகளும் இல்லை, அந்த ரயிலும் இல்லை. நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் மூக்கில் இன்னும் அந்த மரத்தூள் வாசம் அடிக்கும்.

1989இல் லூசிக்கு இருபத்து நான்கு வயது. டெலிபோன் இலாகாவில் வேலை. அங்கே கூட வேலை பார்த்த பழனியப்பன் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொன்னாள். முருகன் கோயிலில் தாலி கட்டுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கபிரியேலுக்கு மாப்பிள்ளை இந்து என்பதுகூட இரண்டாவதுதான். தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்பதுதான் முதலாவது. கத்தினார். லூசி படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றாள். பெற்ற பெண்ணை அவர் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அடிக்க முடியாத கை படத்தை இழுத்துத் தரையில் போட்டது. கண்ணாடி நொறுங்கியது. அதோடு விட்டிருக்கலாம். குனிந்து தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். அவள் வீட்டு வாசற்படியைச் சாகும்வரை மிதிக்க மாட்டேன் என்றார். லூசி ஒரு பையோடு போய்விட்டாள். தாலி கட்டும்போது பக்கத்தில் நின்றது மகதலேனா மட்டும்தான்.

பிறகு ஏழு வருடங்கள். கபிரியேல் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்ததும் கிள்ளானில் காப்பார் சாலையோரம் ஒரு வரிசை வீட்டுக்கு மாறினார்கள். மாதத்தில் முதல் சனிக்கிழமை மகதலேனா, லூசி குடியிருந்த பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்வருவாள். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. அவள் பையில் இருக்கும் முறுக்கு யார் சுட்டது என்றும் கேட்டதில்லை. ஆனால் மீதி வைக்காமல் தின்றுவிடுவார்.

சும்மா உட்கார்ந்தால் சண்டைக்கு ஆள் கிடைக்காது என்பதாலோ என்னவோ, காப்பாரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஜப்பானுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்து அனுப்பும் இடம். அங்கே ஒரு சி.என்.சி. இயந்திரம் இருந்தது. எந்த இடத்தில் தொடங்கி எந்த இடம்வரை வெட்ட வேண்டும் என்று எண்களைத் தட்டிக் கொடுத்தால், அது தானாகப் போய் மரத்தை வெட்டிவிட்டு வரும். முதல் வாரம் கபிரியேல் அதைத் திட்டினார். இரண்டாவது வாரம் அதற்கு எண் எழுதிக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். ஆறு மாதத்தில் அந்த இயந்திரத்துக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை என்று ஆயிற்று.

1996 ஆகஸ்ட் மாதம் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. தொழிற்சாலையின் ஜப்பான் எஞ்சினியர் நிஷிவாக்கி தன் மேசைக்கு மேல் ஒரு தபால் அட்டையை ஒட்டினார். கையெழுத்து வாங்கப் போன கபிரியேல், வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டார். அதே பாலம், அதே மழை. அந்த வாரமே லூசியிடமிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. சுங்கை பூலோவில் வீடு வாங்கியிருக்கிறார்களாம். செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு புதுமனை புகுவிழா. உறையில் ‘திருமதி மகதலேனா’ என்று மட்டும் இருந்தது. கபிரியேல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளேயும் தன் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகு, தபால்காரர்கள் இப்போதெல்லாம் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று குறைபட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வலித்தது. இந்த வலியைத் தான்தான் விலை கொடுத்து வாங்கினோம் என்றும் தெரிந்தது.

மறுநாள் நிஷிவாக்கியிடம் அந்தப் படம் பெரிதாகக் கிடைக்குமா என்று கேட்டார். நிஷிவாக்கி தன் வீட்டிலிருந்தே ஒரு நல்ல அச்சுப் பிரதியைக் கொண்டுவந்தார். பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக அதைச் செய்யும் முறையைச் சொன்னார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிப்பலகை. ஒவ்வொரு பலகையின் மூலையிலும் ஒரே இடத்தில் ஓர் அடையாளம். தாள் அந்த அடையாளத்தில் சரியாக உட்கார்ந்தால்தான் வண்ணம் வண்ணத்தோடு சேரும், இல்லாவிட்டால் படம் கெட்டுவிடும். கபிரியேல் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இதைத் தாளில் செய்யாமல் மரத்திலேயே செய்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வண்ணத்துக்கு ஒரு பலகை, பலகைமேல் பலகை, கடைசியில் மழை.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ள நிஷிவாக்கி அனுமதி கொடுத்தார். மீந்துபோன மரத்துண்டுகளிலிருந்து கபிரியேல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வானத்துக்குக் கறுத்த மெர்பாவ். தெப்பத்துக்கும் பாலத்துக்கும் சிவந்த நியாத்தோ. முன்பக்கக் கைப்பிடியும் ஆறு மனிதர்களும் சேர்ந்த பலகைக்கு வெளுத்த ஜெலுத்தோங். மழைக்கு ரப்பர் மரம். அசல் படத்தைப் போல இரண்டு மடங்கு பெரிதாகச் செய்வது என்று முடிவு. தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் பிரதியை விரித்து, அங்கிருந்த அளவுகோலால் ஒவ்வொரு வளைவையும் அளந்து, இரண்டால் பெருக்கி, எண்களைக் கொப்பியில் எழுதினார். வானம், அக்கரை, ஆறு, பாலம் என்று நான்கு பலகைகள் இப்படி முடிந்தன. நாள் போதவில்லை. பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்து மனிதர்களையும் மழையையும் அளந்தார்.

படுத்தி எடுத்தது மழைதான். ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குச்சி, மேல் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டம்வரை ஓட வேண்டும். அப்படி எழுபதுக்கு மேல். வெட்டும்போதே பட்டென்று ஒடிந்தது. மூன்று பலகைகள் வீணாயின. பிறகு பலகையைச் சாய்த்து வைத்து, மழை விழுகிற திசையிலேயே மரத்தின் ரேகையும் ஓடும்படி வெட்டினார். ஒடியவில்லை. அன்று மாலை அவர் மோட்டார் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து மகதலேனா பயந்தேபோனாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, வீட்டில் பலகைகளை அடுக்கினார். அசையாமல் உட்கார வேண்டும் என்று எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை போட்டிருந்தார். துளைகளில் மரக்குச்சியைச் செருகினால் போதும். முதல் நான்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. மனிதர்கள் பலகை ஒரு மூலையில் உட்கார்ந்தது, மறு மூலையில் உட்காரவில்லை. இடது ஓரத்து ஆள் சரியாக நின்றார். வலது பக்கம் போகப் போக ஒவ்வொருவரும் இடம் பெயர்ந்து, அவர்களுடைய காலெல்லாம் பாலத்துக்குள் புதைந்திருந்தது. மழைப் பலகை அதைவிட மோசம், ஏழு மில்லிமீட்டர் குறைந்தது.

கபிரியேல் முதலில் மரத்தைத் திட்டினார், ஈரம் குடித்துவிட்டது என்றார். பிறகு இயந்திரத்தைத் திட்டினார். பிறகு ஜப்பானையே திட்டினார். மகதலேனா தேநீர் வைக்க இடம் தேடி மேசைமேல் கிடந்த அளவுகோலை எடுத்துத் தள்ளிவைத்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது அவருடைய ஷ்ரிங்க் ரூல். கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற கோலால் ஏற்கெனவே இருக்கிற பொருளை அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். புதிதாக வரையத்தான் அந்தக் கோல், இருப்பதை அளக்க அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். உலகத்தில் பேட்டர்ன் மேக்கரைத் தவிர வேறு எவனாலும் செய்ய முடியாத தப்பு, அதை முப்பத்தைந்து வருட அனுபவத்தோடு செய்திருந்தார்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று மகதலேனா கேட்டதற்கு, யாருக்காக இதைச் செய்தார் என்பதையும் சேர்த்து, முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். அதை அவள் முன்பே ஊகித்திருந்தாள். ஆனாலும் ஏழு வருடமாக அடக்கிவைத்திருந்தது அன்று வெளியே வந்துவிட்டது.

“இரும்பு சுருங்கும்னு தெரிஞ்சு, முன்னாடியே இடம் விட்டு வெட்டின ஆளு நீங்க. நீங்க பெத்த பொண்ணுக்கு ஒரு நூல் இடம் விட்டீங்களா?”

கபிரியேல் கோலை மேசையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. தேநீரை அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை நிஷிவாக்கியிடம் போய்த் தன் தப்பைச் சொன்னார். தப்பு என்மேல்தான் என்று வேலையிடத்தில் அவர் சொன்னது அதுவே முதல்தடவை. ஆயிரக்கணக்கான எண்களைத் திரும்ப அளந்து திரும்ப எழுத வேண்டும், நாளைக்குள் நடக்காது என்றார். நிஷிவாக்கி சிரிக்கவில்லை. இயந்திரத்தின் முன்னால் அழைத்துப் போய், எண்கள் தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். எல்லாவற்றையும் நூறுக்கு ஒன்று பெரிதாக்கி வெட்டு என்று அர்த்தமாம். அப்படி ஒரு கட்டளை இருப்பதே கபிரியேலுக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் இரண்டு பலகைகளும் புதிதாக வெட்டப்பட்டு வந்தன. சாயங்காலம் ஆறு பேரும் பாலத்தில் காலூன்றி நின்றார்கள், அவர்கள்மேல் மழை சரியாக விழுந்தது. கபிரியேல் பசை பூசி, இறுக்கிக் கட்டி, ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றிவைத்தார்.

ஞாயிறு விடியலில் மகதலேனா அதைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் கிளம்பினாள். அவரையும் கூப்பிட்டாள். அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது, முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். லூசி படத்தை வாங்கிக்கொண்டால் போதும் என்றார். தனியாகக் காலைப் பூசைக்குப் போனார். பூசை பத்து நிமிடம் பிந்தியது, யாரையும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவைத்துச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

மதியம் ஒரு மணிக்கு மேல் வாசலில் ஒரு கார் நின்றது. மகதலேனா இறங்கினாள். அவள் கையில் அதே படுக்கை விரிப்பு மூட்டை.

கபிரியேல் நாற்காலியை விட்டு எழுந்தார். “வாங்கிக்கலையா?” என்றார்.

“பிரிச்சுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. ஒவ்வொரு ஆளா தொட்டுத் தொட்டுப் பேர் சொன்னா. அப்புறம் அவளே சுத்திக் குடுத்துட்டா. அப்பா செஞ்சது, அப்பாவே வந்து மாட்டட்டும்னு சொன்னா.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மகதலேனாவும் கூடவே அழுதாள், ஆனால் அழுதுகொண்டே அவருடைய துவைத்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் துளைபோடும் இயந்திரத்தையும் மட்டம் பார்க்கும் சின்ன ரசமட்டத்தையும் பையில் எடுத்துக்கொண்டு, சுவர் செங்கலா பலகையா என்று கேட்டார். செங்கல்தான் என்றாள். பிறகுதான் வெளியே காருக்குள் இருந்தவரைக் கவனித்தார். பழனியப்பன் கொளுத்துகிற வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டுக்குள் வரலாமா கூடாதா என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. கபிரியேல் வெறுங்காலோடு போய்க் கார் கதவைத் திறந்து, உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார்.

சுங்கை பூலோ வீட்டில் விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். வாசலில் மாவிலை வாடத் தொடங்கியிருந்தது. லூசி கதவருகே நின்றாள். முப்பத்தொரு வயது, முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. “வாங்கப்பா,” என்றாள் அவள். அவர் வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனார்.

கூடத்தில் ஒரு சுவர் வெறுமையாக இருந்தது. கபிரியேல் முக்காலியில் ஏறி, அளந்து, துளை போட்டு, படத்தை மாட்டினார். மாட்டிய பிறகும் இறங்காமல், சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“அன்னிக்கு நான் கிழிச்சிருக்கக் கூடாது, லூசி.”

ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தார். குமிழி அச்சுப் பிசகாமல் நடுவில் நின்றது.

“இடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்குப்பா,” என்றாள் லூசி.

மகதலேனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கபிரியேல் குமிழியைப் பார்த்தார், திரும்பி மகளைப் பார்த்தார். ரசமட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இடது மூலையை ஒரு நூல் அளவு தூக்கினார்.

“இப்ப?”

“இப்ப சரியா இருக்கு.”

“ஆமா,” என்றார் கபிரியேல். “இப்பதான் சரியா இருக்கு.”